சுக்கானும் அமைப்பும்

கருவி எதுவாயினும், அதனைக் கையாள்பவனின் கைக்கு அது திருப்பிச் சொல்லும் சேதி ஒன்று உண்டு. மேழி பிடித்தவனுக்கு மண்ணின் இறுக்கம் தெரிகிறது. உளி பிடித்தவனுக்கு மரத்தின் வைரம் தெரிகிறது. சுக்கான் பிடித்தவனுக்குப் பாதை தெரிகிறது. புத்தகத்தில் படித்து அறிய முடியாத இவ்வறிவை நம் சமூகம் ‘கைப்பழக்கம்’ என்ற ஒரு சொல்லில் அடக்கி, அறிவுலகின் வாயிலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது. பஸ் சாரதி ஒருவரின் உள்ளங்கையில் எவ்வளவு பௌதிகவியல் குடியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர்கள், கற்றவர்கள் எனப்படும் நம்மிடையே மிகச் சிலரே.

இவ்விஷயத்தைப் பற்றி என்னைச் சிந்திக்க வைத்தது ஒரு விளையாட்டுக் கருவி. கணினித் திரையில் ஓடும் பந்தயக் காரை, விசைப்பலகையால் அன்றி, மெய்யான சுக்கான் போன்ற ஒன்றைப் பிடித்து ஓட்டுவதற்கென்று செய்யப்பட்டது அது. மேசையின் விளிம்பில் அதனைத் திருகாணியால் இறுக்கிப் பொருத்துகிறார்கள். காலடியில் மூன்று மிதிகள். வலக்கைப் பக்கமோ இடக்கைப் பக்கமோ ஒரு கியர்த் தண்டு. சுக்கானின் உள்ளே மோட்டார் உண்டு. திரையில் கார் வளைவில் திரும்பும்போது, மெய்யான காரின் சுக்கான் கையை எதிர்த்து எவ்வளவு இழுக்குமோ அவ்வளவையும் கணினி கணக்கிட்டு, அந்த மோட்டாரின் மூலம் ஓட்டுபவனின் கையை இழுக்கிறது. இதனை எதிர்விசை என்று தமிழில் சொல்லலாம். மேனாடுகளில் இது பெரிய வணிகம். நம் நாட்டில் புதிதாக ஒன்று வாங்குவதென்றால், ஆசிரியன் ஒருவன் ஒரு மாதச் சம்பளத்தை முழுவதுமாக எடுத்து வைத்துவிட்டுத்தான் அதைப்பற்றி யோசிக்க வேண்டும்.

ஆனால் பொருள்கள் பழையனவாகும்போது ஏழைகளின் வீடுகளையும் எட்டுகின்றன. கட்டார் நாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய மாமன் ஒருவர், பழைய சாமான் கடையொன்றில் வாங்கி வந்த லொஜிடெக் ஜி27 என்ற சுக்கான், கடுகண்ணாவையில் என் மாணவன் ஒருவனின் வீட்டில், அவன் தாயாரின் தையல் இயந்திர மேசையில் ஏறி அமர்ந்திருந்தது. அதன் உற்பத்தியே நின்று பத்தாண்டுகளாகிறது. திருப்பும்போது உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் கடகடவென்று ஓசையிடும். ஆயினும் அது வேலை செய்தது.

கடுகண்ணாவையை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கண்டியிலிருந்து பேராதனை, பிலிமத்தலாவை வழியாகக் கொழும்பு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை, எங்கள் ஊரைத் தாண்டியதும் மலையின் விளிம்பிலிருந்து கீழே இறங்கத் தொடங்குகிறது. வளைவுக்குமேல் வளைவாக மாவனல்லை வரை இறக்கம். ஒரு புறம் பாறைச் சுவர். மறு புறம் பள்ளத்தாக்கு. பகலும் இரவும் பஸ்களும் லொறிகளும் முக்கி முனகி ஏறிவரும் ஓசையினிடையே வளரும் எங்கள் பிள்ளைகள், எழுத்தறியுமுன்பே இயந்திர ஓசையைக் கொண்டு வண்டியின் இனத்தைச் சொல்லிவிடுவார்கள். இத்தகைய ஊரில் ஒரு சிறுவனுக்குச் சுக்கான் மீது மோகம் பிறப்பது வியப்பன்று.

அவன் தந்தையார் தனியார் பஸ் சாரதி. அவன் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்ய வேண்டிய வயதினன். ஒரு நாள் பாடசாலை வாயிலில் என்னைக் காத்து நின்ற அவன் தாயார், “சேர், நீங்க சொன்னாத்தான் கேப்பான். அவங்க அப்பா படுற பாடு போதும். இவனும் ஸ்டியரிங்கப் புடிக்க வேணாம்” என்றார். அதே வாரத்தில் மாணவனும் என்னிடம் வந்தான். அவனுடைய வேண்டுகோள் வேறு: “சேர், செட்டிங் எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. ஒருக்கா வந்து வாசிச்சுச் சொல்லுவீங்களா?” தாய்க்கும் மகனுக்கும் ஒரே சமயத்தில் உதவும் வாய்ப்பு என்று எண்ணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவர்கள் வீட்டுக்குச் சென்றேன்.

அவன் விளையாடியது அஸெட்டோ கோர்ஸா என்ற இத்தாலிய விளையாட்டு. 2014இல் முழுமையாக வெளிவந்த இது, வேடிக்கையைக் காட்டிலும் உண்மையொத்த ஓட்டத்தையே முதன்மையாகக் கொண்டது என்று பெயர் பெற்றது. உலகெங்குமுள்ள இளைஞர்கள் தத்தம் ஊர்ப் பாதைகளையும் வண்டிகளையும் தாமே செய்து இதனோடு சேர்க்கிறார்கள். மாணவன் ஜப்பானிய மலைப்பாதை ஒன்றைத் தேர்ந்திருந்தான். காரணம் கேட்டபோது, “நம்ம ஏத்தம் மாதிரியே இருக்கு, சேர்” என்றான்.

திரையில் ‘அமைப்புகள்’ என்ற பகுதியைத் திறந்தோம். வரிசை வரிசையாகச் சொற்கள். ஒவ்வொன்றன் பக்கத்திலும் ஓர் எண். இலக்கியம் படித்தவனுக்கு இச்சொற்களைத் தமிழாக்குவது ஒரு சுவையான வேலைதான். நான் வாசித்துப் பொருள் சொல்லச் சொல்ல, மாணவன் தன் கொப்பியில் எழுதிக்கொண்டான். முதலாவது, சுழற்சிக் கோணம். அந்தச் சுக்கான் இடக் கோடியிலிருந்து வலக் கோடிவரை 900 பாகை, அதாவது இரண்டரைச் சுற்று, திரும்பக் கூடியது. மாணவன் அதனை 240 பாகையாகக் குறுக்கி வைத்திருந்தான். கையைச் சிறிது அசைத்தாலே கார் சட்டெனத் திரும்பிவிடும், நேரம் மிச்சமாகும். இரண்டாவது, ‘டெட் ஸோன்’ எனப்படுவது. சுக்கான் நடுநிலையில் இருந்து சற்று அசைந்தாலும் வண்டி அசையாதிருக்கும் சிறிய இடைவெளி அது. மூன்றாவது, எதிர்விசையின் மொத்த அளவு. மாணவன் அதனை உச்சத்தில் வைத்திருந்தான். நான்காவது, கையை எடுத்தால் சுக்கானைத் தானாகவே நடுவுக்கு இழுத்து நிறுத்தும் ‘ஸ்பிரிங்’ இழுவை. அதுவும் இயங்கிக்கொண்டிருந்தது. இவை தவிர, பாதையின் சொரசொரப்பு, ஓரக் கற்களின் அதிர்வு, சில்லு வழுக்கும்போது எழும் நடுக்கம் முதலியவற்றைக் கூட்டிக் குறைக்கும் எண்களும் இருந்தன.

நாங்கள் இவ்வாறு சொற்களோடு மல்லாடிக்கொண்டிருந்த வேளையில் தந்தையார் வந்து சேர்ந்தார். விடியற்காலை 4 மணிக்குப் போனவர். முகம் கழுவி, சாரத்தோடு வந்து எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு, மகனின் பின்னால் நின்று சிறிது நேரம் பார்த்தார். வேலை முடிந்து வந்த மனிதர் மறுபடியும் சுக்கானைத் தொடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. “கொஞ்சம் எந்திரி” என்று மகனிடம் சொல்லிவிட்டு அமர்ந்தார்.

இரு கைகளையும் மாற்றி மாற்றிப் பிடித்துச் சுழற்றுவது அவர் வழக்கம். முதற் கை மாறுவதற்குள்ளேயே சுக்கான் முட்டி நின்றுவிட்டது. “இது ஸ்டியரிங் இல்லடா, சைக்கிள் ஹேண்டில்” என்றார். அவருடைய பஸ்ஸில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்ப நான்கைந்து சுற்றுகள் வேண்டுமாம். மாணவன் கோணத்தை 900 ஆக்கினான். அவர் மறுபடி ஓட்டினார். முதல் வளைவு முடிந்து கையைத் தளர்த்தியதும் சுக்கான் தானாக நடுவுக்கு ஓடியதைக் கண்டு நெற்றியைச் சுருக்கினார். “இது ரோட்டுல இருந்து வர்ற இழுப்பு இல்ல. யாரோ உள்ளுக்க இருந்து இழுக்கிறான்” என்றார்.

நான் திகைத்துப்போனேன். அவர் சொன்னது இம்மியும் பிசகாத உண்மை. மெய்யான வண்டியின் முன்சில்லுகள், மிதிவண்டியின் முன்கவையைப் போலவே, சற்றுப் பின்சாய்ந்த அச்சில் திரும்புகின்றன. அதனால் பாதையைத் தொடும் இடம் அச்சுக்குப் பின்னால் இழுபட்டு வருகிறது. சில்லு தானாக நேராக விழைவதும், சுக்கான் நடுவுக்குத் திரும்ப முயல்வதும் இதன் விளைவே. அந்த இழுப்பு வேகத்துக்கும் வளைவுக்கும் ரயரின் பிடிக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங் இழுவையோ பாதையைப் பற்றி ஏதும் அறியாதது. எப்போதும் ஒரே விதமாக இழுப்பது. கணினி எழுத்துகளில் ஒன்றைக்கூட வாசியாமல், உள்ளங்கையால் மட்டுமே இவ்விரண்டையும் அவர் பிரித்தறிந்துவிட்டார். மாணவன் ஸ்பிரிங்கை நிறுத்தினான்.

அடுத்ததாக அவர் குறை கண்டது எதிர்விசையின் அளவை. “எல்லாமே ஒரே பாரமா இருக்கே, சேர். எல்லாம் பாரமா இருந்தா, எது மோசமான எடம்னு கைக்கு எப்படித் தெரியும்?” என்றார். இதற்கும் விளக்கம் உண்டு. சுக்கானின் மோட்டாருக்கு ஓர் எல்லை இருக்கிறது. அளவை உச்சத்தில் வைத்தால், சாதாரண வளைவிலேயே மோட்டார் தன் முழு வலிமையைச் செலவழித்துவிடும். அதற்குமேல் வரும் விசைகளெல்லாம் ஒரே மட்டத்தில் வெட்டுப்பட்டுப் போகும். பெரியதும் மிகப் பெரியதும் ஒன்றாகிவிடும். உரத்துக் கத்துவது கூடுதலாகச் சொல்வதாகாது. அளவைக் குறைத்தபோதுதான் நுண்ணிய வேறுபாடுகள் கைக்கு வந்து சேர்ந்தன. ‘டெட் ஸோ’னைப் பற்றி நான் விளக்கத் தொடங்கியபோது அவர் சிரித்தார். “அதுக்குத்தான் நாங்க ‘ப்ளே’ன்னு சொல்றது. பழைய வண்டில ஸ்டியரிங் ப்ளே ஆடும். காசு செலவழிச்சு அதைப் போக்குறதுக்குத்தான் படாதபாடு படுறோம். இவன் விளையாட்டுக்குன்னு அதைக் கூட்டி வச்சிருக்கானா?” 2020ஆம் ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டு காலம் நாட்டுக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததை நினைத்தால், எத்தனை பழைய சுக்கான்கள் எத்தனை சாரதிகளின் கைகளில் அவ்வாறு ஆடிக்கொண்டிருந்திருக்கும் என்பது விளங்கும். என் தமிழாக்கம் கொப்பியிலேயே கிடந்தது. தொழிலாளரிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. அதுவே பொருத்தமான சொல்லாகவும் இருந்தது.

எல்லாவற்றையும் திருத்திய பின்னர் அவர் மெல்லிய மழை பெய்வது போன்ற காட்சியில் அந்த ஜப்பானிய மலைப்பாதையை இறங்கி ஓட்டினார். ஒரு வளைவில் திடுமென வேகத்தைக் குறைத்தார். கார் வழுக்கவில்லை, திரையில் ஏதும் நிகழவுமில்லை. ஏன் குறைத்தீர்கள் என்று கேட்டேன். “ஸ்டியரிங் லேசாச்சு, சேர்” என்றார். “பாரமா இருக்கிறது பயமில்ல. வளைவுல திடீர்னு லேசாகும் பாருங்க, அதுதான் பயம். முன்சில்லு பிடியை விடப்போகுதுன்னு அர்த்தம். கண்ணுக்குத் தெரியிறதுக்கு முந்தி கைக்குத் தெரியும்.”

இதுவும் பொறியியலார் ஒப்புக்கொள்ளும் உண்மையே. ரயரின் பிடி அதன் எல்லையை எட்டுவதற்குச் சற்று முன்னரே, சுக்கானைத் திருப்பி இழுக்கும் விசை தளரத் தொடங்கிவிடுகிறது. விளையாட்டை ஆக்கிய இத்தாலியர் இந்தத் தளர்ச்சியைக் கணக்கிட்டுச் சேர்த்திருக்கிறார்கள். பந்தயக்காரர்கள் அதனைக் கை உணரும்படி சுக்கானின் அமைப்பைச் சீர்செய்ய மணிக்கணக்காக முயல்கிறார்கள். கடுகண்ணாவைச் சாரதி ஒருவரோ முப்பதாண்டு கால வாழ்வைச் செலவிட்டு அதனைக் கற்றிருக்கிறார். இளம் பருவத்தில் பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய லொறியில் தோள் நோகப் பழகியவர் அவர். நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில், தூசும் எண்ணெயும் குழைந்து பாதை எப்படி மாறும். பாறைச் சுரங்கத்தின் அருகே எந்த மணிக்கு நிழலில் ஈரம் தங்கும். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்ற விதியை மறந்து பிரேக்கை மட்டும் நம்பினால் அது எப்படிச் சூடேறிக் கைவிடும் என்பனவற்றையெல்லாம் அன்று அவர் சொல்லக் கேட்டேன். மாணவன் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருந்தான். தன் தந்தையை ஓர் ஆசிரியராக அவன் பார்த்தது அன்றுதான் முதல் தடவை என்று எனக்குத் தோன்றியது.

எனினும் இந்தக் கட்டுரையின் நோக்கம் தொழிலாளியின் திறமையைப் புகழ்ந்துவிட்டு ஓய்வது அன்று. மகன் அன்று மாலை ஒரு கேள்வி கேட்டான்: “இவ்வளவும் தெரிஞ்சும் ஏம்பா ரேஸ் ஓடுறீங்க?”

வீட்டில் ஒரு கணம் மௌனம் நிலவியது. தாயார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். தந்தையார் சினம் கொள்ளவில்லை. “நீ ஓடுறதுதான் ரேஸ். முதலாவதா வந்தா கிண்ணம் குடுக்கிறான். நான் முதலாவதா போனா அடுத்த ஹோல்ட்டுல ஏழெட்டுப் பேர் ஏறுவாங்க. ரெண்டாவதா போனா ஒருத்தரும் இருக்க மாட்டாங்க” என்றார்.

தனியார் பஸ்களின் பொருளாதாரம் நம்மில் பலருக்குத் தெரிந்ததே. ஆயினும் நாம் அதனை நினைப்பதில்லை. பெரும்பாலான வண்டிகளில் சாரதிக்கும் நடத்துநருக்கும் மாதச் சம்பளம் கிடையாது. அன்றைய வசூலில் டீசலுக்கும் உரிமையாளருக்கும் உரியது போக, மிஞ்சுவதில்தான் அவர்களுடைய பங்கு. ஊழியர் சேமலாப நிதி என்பது அவர்களிற் பலர் கேள்விப்பட்ட சொல் மட்டுமே. நோயுற்றால் அன்று கூலி இல்லை. வழி அடைபட்டால் அன்றும் இல்லை. முன்னே செல்லும் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். பின்னே வரும் பஸ்ஸுக்குப் பிடிகொடாமல் ஓடவேண்டும். பஸ்ஸினுள் அமர்ந்திருக்கும் நாம் ‘பைத்தியக்காரன் போல ஓட்டுகிறான்’ என்று முணுமுணுக்கிறோம். பைத்தியம் அவர் தலையில் இல்லை. அவருடைய கூலி கணக்கிடப்படும் முறையில் இருக்கிறது.

விளையாட்டின் மொழியிலேயே சொல்லலாம். சாரதியின் கையில் பாதை சொல்லும் சேதி ஒன்று இருக்கிறது: மெல்லப் போ, ஈரம் இருக்கிறது, பிடி தளர்கிறது என்பது அச்சேதி. அதற்குமேல் வேறோர் இழுவை, பாதையோடு எவ்வித உறவும் இல்லாத இழுவை, உள்ளிருந்து அவரை இழுக்கிறது. அந்த ஸ்பிரிங்கைப் பொருத்தியவர் சாரதி அல்லர். அதன் விசை எப்போதும் ஒன்றே. மழையாயினும் மூடுபனியாயினும், பள்ளத்தாக்கு ஆயினும் சமவெளியாயினும், அது அறிந்ததெல்லாம் வசூல் ஒன்றுதான். மகனின் மேசையில் இருந்த ஸ்பிரிங்கை ஒரு விசையைத் தட்டி நிறுத்திவிட முடிந்தது. தந்தையின் பஸ்ஸில் இருப்பதை யார் நிறுத்துவது?

நிறுத்த முயன்ற வரலாறு இந்நாட்டுக்கு இல்லாமல் இல்லை. 1958 ஜனவரி 1ஆம் திகதி தனியார் பஸ் கம்பெனிகள் தேசியமயமாக்கப்பட்டு, இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. பயணிகளைப் பிடிக்க ஓடவேண்டியவராக இருந்த சாரதி, சம்பளமும் சீருடையும் சேமலாப நிதியும் உள்ள ஊழியரானார். இலாபமில்லாத கிராமத்துக்கும் பஸ் போயிற்று. பின்னர் 1979இல் தனியார் பஸ்களுக்கு மறுபடியும் வழி திறக்கப்பட்டது. பழைய ஓட்டமும் அவற்றோடு திரும்பி வந்தது. எனினும் உடைமை மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று எளிதாகச் சொல்லிவிடவும் முடியாது. 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டி எல்லைப் பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கக் காரணமான பஸ், அரச சபைக்குரியது. அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி எல்லவில் பள்ளத்தில் வீழ்ந்ததோ தனியார் பஸ். சாரதியின் வேலைநேரம், உறக்கம், வண்டியின் நிலை, பாதையோரக் காப்புச் சுவர் ஆகிய யாவும் சேர்ந்ததே அமைப்பு. இவற்றில் ஒன்றை மட்டும் திருத்தி மற்றவற்றை விட்டுவிட்டால் சுக்கான் சரியாக நில்லாது. ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை நம் வீதிகள் குடிக்கின்றன. ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் நாம் தேடுவது குற்றவாளி ஒருவரை. அமைப்பின் எண்களை எடுத்துப் பார்ப்போர் அரியர்.

பாதைக்கும் ஒரு கதை உண்டு. விளையாட்டில் வரும் மலைப்பாதையை யார் வெட்டினார்கள் என்ற கேள்வி எழுவதே இல்லை; அது கோப்பாகத் தரவிறக்கப்படுகிறது. எங்கள் பாதை அவ்வாறு வந்ததன்று. கண்டி இராச்சியத்தை 1815இல் கைப்பற்றிய ஆங்கிலேயர், அதனைத் தம் பிடியில் வைத்திருப்பதற்காக, 1820களில் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு - கண்டிப் பெருஞ்சாலையை அமைத்தனர். இராஜகாரியம் என்ற பழைய ஊழியமுறையைப் பயன்படுத்தி, கிராமத்து மக்களைக் கூலியின்றி வேலை வாங்கினர். பாறையைக் குடைந்த அந்தச் சிறு சுரங்கம் இன்றும் பெருஞ்சாலையின் ஓரத்தில் நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதன்முன் நின்று படம் எடுக்கிறார்கள். பாதைப் பணிக்குப் பொறுப்பாயிருந்த கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுப்பப்பட்ட உயர்ந்த கோபுரமும் இங்கேதான் உண்டு. பாறையை உடைத்தவர்களுக்கென்று ஒரு கல்லும் இல்லை. அப்பாதையின் வழியே கோப்பி மூட்டைகள் மாட்டுவண்டிகளில் இறங்கின. 1867இல் புகையிரதம் கண்டியை எட்டிய பின்னரே வண்டிமாடுகளுக்கு ஓய்வு கிடைத்தது. சுக்கானைப் பிடித்து ‘என்ன அழகான பாதை’ என்று வியக்கும் பிள்ளைக்கு, பாதை என்பது பிறர் உழைப்பின் உறைந்த வடிவம் என்று சொல்லிக்கொடுப்பது ஆசிரியனின் கடமை என்று கருதுகிறேன்.

பாதை அழிவதும் உண்டு. 2025 நவம்பர் 22ஆம் திகதி, கீழ்க் கடுகண்ணாவையில் பாறையும் மண்ணும் சரிந்து சாலையோரக் கடையையும் வீட்டையும் மூடின. மனித உயிர்கள் பலியாயின. அந்தத் துயர் ஆறுமுன் மாத இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டையே குலைத்துச் சென்றது. பெருஞ்சாலை அடைபட்ட நாட்களில் எங்கள் ஊர்ச் சாரதிகள் தம் வீட்டு வாயில்களில் அமர்ந்திருந்ததைக் கண்டேன். பஸ் ஓடாத நாளுக்குக் கூலி இல்லை. விளையாட்டில் கார் நொறுங்கினால் ‘மீண்டும் தொடங்கு’ என்று ஒரு பொத்தான் வரும். அந்தப் பொத்தான் மேசையைத் தாண்டி வெளியே எங்கும் இல்லை என்பதை அந்த நவம்பரில் எங்கள் பிள்ளைகளுக்கு எவரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அவ்வாறாயின் இந்த விளையாட்டுக் கருவி வீணான ஒன்றா? ‘பொழுதைக் கெடுக்கும் மேனாட்டுப் பொம்மை’ என்று ஒதுக்கிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். 1929இல் அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்ற இளைஞர் விமானம் ஓட்டப் பழகுவோர்க்காக ஒரு போலி விமானத்தைச் செய்தார். அவருடைய தந்தையார் இசைக்கருவிகள் செய்யும் தொழிற்சாலை உடையவர். ஓர்கன் வாத்தியத்தின் துருத்திகளையும் காற்றுக் குழாய்களையும் கொண்டே அந்தப் போலி விமானத்தைச் சாயவும் நிமிரவும் செய்தார் மகன். விமானத்துறையினர் அதனைப் பெரிதாக மதிக்கவில்லை. கேளிக்கைப் பூங்காக்களில் காசு போட்டு ஏறும் பொம்மையாகவே அது முதலில் விலைபோயிற்று. 1934இல் அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் சுமக்கப் பணிக்கப்பட்டு, மோசமான வானிலையில் பலர் வீழ்ந்து மடிந்தனர். அதன் பின்னரே இராணுவம் விழித்து, அப்பொம்மைகளை வாங்கி விமானிகளைப் பயிற்றத் தொடங்கியது. இன்று பெரிய விமான நிறுவனங்களின் விமானிகள் இத்தகைய கருவியில் பழகாமல் பயணிகளை ஏற்றிச் செல்வதில்லை. பொம்மை அதுவேதான். அதனை யாருக்காக, எதற்காகப் பயன்படுத்துவது என்ற முடிவுதான் மாறியது.

விமானத்தில் செல்பவனின் உயிருக்குக் கொடுக்கப்பட்ட மதிப்பு, கேகாலை பஸ்ஸில் தொங்கிச் செல்பவனின் உயிருக்கும் கொடுக்கப்பட்டால் என்ன? கடுகண்ணாவை இறக்கத்தை, மழையோடும் மூடுபனியோடும் சூடேறிய பிரேக்கோடும் கணினியில் ஆக்குவது இன்று அரிய காரியமன்று. நம் நாட்டு இளைஞர்கள் தம் பொழுதுபோக்காகவே நம் பஸ்களையும் பாதைகளையும் இத்தகைய விளையாட்டுகளில் ஆக்கி வருகிறார்கள். கனரக வாகன அனுமதிப்பத்திரம் பெற விழையும் இளம் சாரதி, பிரேக் கைவிடும் அந்த ஒரு நிமிடத்தை முதன்முதலில் ஐம்பது உயிர்களைச் சுமந்துகொண்டு சந்திப்பதைவிட, ஒரு மேசையின் முன் அமர்ந்து பத்துத் தடவை சந்திப்பது நல்லதல்லவா? அந்தச் சுக்கானின் எண்களை நிர்ணயிக்கும் சபையில், முப்பதாண்டு பஸ் ஓட்டிய ஒருவரின் உள்ளங்கைக்கும் ஓர் ஆசனம் இருக்க வேண்டும் என்பேன்.

பயிற்சி மட்டும் போதாது என்பதையும் கூடவே சொல்லவேண்டும். எவ்வளவு பயின்ற கையாயினும், வசூல் என்ற ஸ்பிரிங் இழுத்துக்கொண்டிருக்கும்வரை பாதையின் சேதியை அது முழுமையாகக் கேட்க இயலாது. நியாயமான மாதச் சம்பளமும் வரையறுத்த வேலைநேரமும் இல்லாத இடத்தில், கவனமாக ஓட்டு என்ற உபதேசம் பசித்தவனுக்குச் செய்யும் உபதேசத்தைப் போன்றதே.

மாணவனைப் பற்றி வாசகர்கள் அறிய விரும்பலாம். அவன் தாயார் என்னிடம் கேட்டதை நான் அவனிடம் சொல்லவில்லை. ‘படிக்காவிட்டால் பஸ் ஓட்டத்தான் போவாய்’ என்று வகுப்பறைகளில் நாம் வழக்கமாகச் சொல்லும் வாக்கியத்தை, அந்தத் தந்தையின் முன்னே எந்த வாயால் சொல்வது? அதற்குப் பதிலாக அவனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். தந்தையாரும் அவருடைய தோழர்களும் வண்டியையும் பாதையையும் பற்றிப் பேசும் சொற்களையெல்லாம் திரட்டி, பொருளோடு எழுதிவரச் சொன்னேன். கொப்பியில் இப்போது நூற்றுக்கு மேற்பட்ட சொற்கள் சேர்ந்திருக்கின்றன. இவற்றிற் பல எந்த அகராதியிலும் இல்லை. விஞ்ஞான ஆசிரியர் அவற்றுள் சிலவற்றை எடுத்து விசையைப் பற்றிய பாடத்தை நடத்தியபோது, வழக்கமாகத் தூங்கும் கடைசி வரிசையும் விழித்திருந்தது என்று கேள்விப்பட்டேன். தாயாரிடம் நான் சொன்னது இது: “அக்கா, அவன் எந்தத் தொழிலைச் செய்தாலும் தெரிந்து செய்வான். அதற்கு நான் பொறுப்பு. அந்தத் தொழில் அவனை வாழவிட வேண்டும். அதற்கு நாங்கள் எல்லாரும் பொறுப்பு.” அவர் அதனை முழுவதும் ஏற்றுக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். கணவர் வீடு திரும்பும்வரை ஒவ்வோர் இரவும் விழித்திருப்பவருக்கு என் வாக்கியம் போதுமானதன்று.

கணினித் திரையில் அப்பகுதியின் தலைப்பாக எழுதப்பட்டிருந்த சொல்லை இன்னும் மறக்க முடியவில்லை. ‘அமைப்புகள்’ என்பது அச்சொல். தமிழில் சமுதாயத்தின் கட்டமைப்பையும் அதே சொல்லால்தான் குறிக்கிறோம். சுக்கானின் அமைப்பைத் திருத்துவதென்பது ஓட்டத்தை எளிதாக்குவதன்று. பாதையின் உண்மை கைக்கு வந்து சேரும்படி செய்வது. பொய்யான இழுவையை நிறுத்துவதும், எல்லாவற்றையும் ஒரே பாரமாக்கும் இரைச்சலைக் குறைப்பதும், கைக்கும் சில்லுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தை அகற்றுவதும் அதில் அடங்கும். எண்களை மாற்றலாம் என்று அறிந்த மாணவன் ஒருவன், வீட்டு மேசையில் இருக்கும் எண்களோடு நின்றுவிடப் போவதில்லை. தன் தந்தையின் கூலிச் சீட்டில் இருக்கும் எண்களையும் அவன் ஒரு நாள் உற்றுப் பார்ப்பான். அவற்றை நிர்ணயித்தவர் யார் என்றும் கேட்பான். அப்போது அவனுக்கு விடை சொல்ல, ஆசிரியர்களாகிய நாம் இன்றே ஆயத்தமாதல் வேண்டும்.